நோக்கியா 7650: பழைய கேமரா கைப்பேசியின் விவரப் பட்டியலைப் படிப்பது எப்படி?

அலமாரியில் கிடந்த பழைய கேமரா கைப்பேசிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. வெளுத்த நிறமும் பொடிப்பொடியான புள்ளிகளும் கொண்ட அந்தக் காலத்துப் படங்களுக்காகவே இளையர்கள் இணையச் சந்தைகளில் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கியபின் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். சிம் அட்டையைப் போட்டும் ஏன் சிக்னல் வரவில்லை? 0.3 மெகாபிக்சல் என்றால் அவ்வளவு மோசமா? வெறும் 4 மெகாபைட்டில் படங்களை எங்கே வைத்தார்கள்? உள்ளே இருப்பவற்றை இப்போது எப்படி வெளியே எடுப்பது?

நான்குக்கும் பதில் ஒரே பட்டியலில் இருக்கிறது. 2001 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2002-ல் விற்பனைக்கு வந்த நோக்கியா 7650-இன் விவரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் படித்தால், ஓர் எண் இன்னோர் எண்ணை எப்படிக் கட்டிப்போட்டது என்பது புரியும். இந்தக் கைப்பேசியைக் குறை சொல்கிறவர்கள் வழக்கமாகக் கேமராவின் பிக்சல் எண்ணிக்கையில்தான் கைவைக்கிறார்கள். கேமரா அந்தக் காலத்துக்குப் போதுமானதாகவே இருந்தது. எடுத்த படத்தை எங்கே வைப்பது, எந்த வழியில் இன்னொருவரிடம் சேர்ப்பது என்ற இடத்தில்தான் நெருக்கடி.

முதல் கேமரா கைப்பேசி இதுவா?

இல்லை. நோக்கியா நிறுவனத்துக்கு இது முதல் கேமரா கைப்பேசி, உலகத்துக்கு அல்ல. ஜப்பானில் 1999-லேயே கியோசெராவின் விபி-210 வந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசுவதற்காக அதன் கேமரா முன்பக்கம் இருந்தது. 2000-ல் தென்கொரியாவில் சாம்சுங் எஸ்சிஎச்-வி200 வந்தது. அது 20 படங்களைச் சேமிக்கும். ஆனால் அந்தப் படங்களைப் பிறருக்கு அனுப்பவேண்டுமானால் கணினியோடு இணைக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் ஜே-ஃபோன் நிறுவனத்துக்காக ஷார்ப் செய்த ஜே-எஸ்எச்04, சுமார் 110,000 பிக்சல் கேமராவோடு வந்தது. எடுத்த படத்தைக் கைப்பேசியிலிருந்தே அனுப்பலாம் என்பதுதான் அதன் பெருமை. எது முதல் என்ற சண்டை இன்னும் ஓயாததற்குக் காரணம், கேமரா இருந்தால் போதுமா, படத்தை அனுப்பவும் முடியவேண்டுமா என்பதில் ஒத்த கருத்து இல்லாததே.

சிங்கப்பூரில் அவற்றைப் பெரும்பாலோர் பார்க்காததற்குக் காரணம் தொழில்நுட்பம். ஜப்பானியக் கைப்பேசிகள் அந்நாட்டுக்கே உரிய வலைக்கட்டமைப்பு முறைகளில் இயங்கின. கொரியக் கைப்பேசி சிடிஎம்ஏ என்ற வேறொரு வலைக்கட்டமைப்பு முறையைச் சேர்ந்தது. இங்கே சிங்டெல், எம்1, ஸ்டார்ஹப் மூன்றும் நடத்திய இரண்டாம் தலைமுறைச் சேவை ஜிஎஸ்எம். ஐரோப்பாவில் பயன்பட்ட 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளே இங்கும் இருந்தன. 7650-ஐ வாங்கி, சிம் அட்டையைச் செருகி, அன்றே பேசத் தொடங்க முடிந்தது அதனால்தான்.

பட்டியலில் என்ன இருக்கிறது?

1. கேமரா: 640 x 480 பிக்சல். இந்த அளவுக்கு விஜிஏ என்று பெயர். குவியம் மாறாத லென்ஸ். பிளாஷ் கிடையாது.

2. திரை: 176 x 208 பிக்சல், 4,096 நிறங்கள்.

3. நினைவகம்: உள்ளே 4 மெகாபைட். நினைவக அட்டை செருக இடம் இல்லை.

4. மூளை: 104 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஏஆர்எம் செயலி. சிம்பியன் இயங்குதளமும் அதன்மேல் சீரிஸ் 60 என்ற முகப்பும். சீரிஸ் 60-இல் வந்த முதல் கைப்பேசி இதுதான்.

5. தொடர்பு: ஜிஎஸ்எம் 900/1800, ஜிபிஆர்எஸ் (கைப்பேசி வலைக்கட்டமைப்பில் தரவு அனுப்பும் முறை), புளூடூத், அகச்சிவப்புக் கதிர், எம்எம்எஸ் (படம் சேர்த்து அனுப்பும் செய்தி).

6. உடல்: 154 கிராம். கீழே தள்ளினால் எண்பலகை வெளிவரும் அமைப்பு. 750 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள, கழற்றி மாட்டும் பேட்டரி.

இல்லாதவையும் பட்டியலின் பகுதிதான். விற்பனைக்கு வந்தபோது காணொளிப் பதிவு கிடையாது. எம்பி3 பாட்டு, வானொலி, முன்பக்கக் கேமரா எதுவும் கிடையாது. காணொளிப் பதிவும் நினைவக அட்டையும் அடுத்து வந்த நோக்கியா 3650-இல்தான் சேர்ந்தன.

307,200 புள்ளிகள்

640-ஐ 480-ஆல் பெருக்கினால் 307,200. விளம்பரங்களில் 0.3 மெகாபிக்சல் என்று வருவது இதுதான். இன்றைய 12 மெகாபிக்சல் படத்தில் இதைப்போல ஏறத்தாழ 39 மடங்கு புள்ளிகள் இருக்கும்.

அந்தப் புள்ளிகள் எல்லாமே முழு நிறத்தை அளந்தவை அல்ல. இத்தகைய கேமராக்களில் ஒளியைப் பதியும் சில்லான உணரியில், ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, மீதிக்கு நீலம். ஒரு புள்ளி ஒரு நிறத்தை மட்டும் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துச் செயலி ஊகித்து நிரப்பும். இன்றைய கேமராக்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் 12 மில்லியன் புள்ளிகளில் நடக்கும் ஊகம் கண்ணுக்குத் தெரியாது, மூன்று லட்சத்தில் தெரியும். புடவைக் கரையின் நெருக்கமான கோடுகள், கோபுரச் சிற்பங்களின் விளிம்புகள் முதலியவற்றில் இல்லாத நிறங்கள் ஓடுவதற்கு இதுவே காரணம்.

குவியம் மாறாத லென்ஸ் என்பதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். அது திட்டமிட்டுச் செய்தது. உணரி மிகச் சிறியது, லென்சின் குவியத் தூரமும் மிகக் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தால், கையெட்டும் தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏறக்குறையத் தெளிவாக விழும். அசையும் பாகம் எதுவும் தேவையில்லை. எதிரே நிற்கும் நண்பரும் பின்னால் இருக்கும் புளோக்கும் ஒன்றாகத் தெரியும். ஆனால் பெயர் அட்டையையோ கல்யாணப் பத்திரிகையையோ கிட்டத்தில் பிடித்தால் எழுத்து குழம்பிவிடும். எவ்வளவு துடைத்தாலும் சரியாகாது.

இருட்டில்தான் இந்தக் கேமரா தோற்றது. சிறிய உணரிக்குள் விழும் ஒளி குறைவு. பகலில் சிராங்கூன் சாலையில் எடுத்த படத்தில் ஒளியால் வரும் சமிக்ஞை வலுவாக இருக்கும், மின்னணுச் சுற்றின் இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்புள்ளிகளாகத் தெரியும் கோளாறு, அதற்குள் மறைந்துவிடும். அதே சாலையில் தீபாவளி ஒளியூட்டின்போது, விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாகப் பொங்கும். நடந்துபோகும் மக்கள் இருக்கும் இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பொரிப்பொரியாக இரைச்சல் நிறையும். இதற்காக 7650-இல் இரவுப் பயன்முறை என்று ஒன்று வைத்திருந்தார்கள். அது செய்வதெல்லாம் ஒளி விழும் நேரத்தை நீட்டிப்பதுதான். அத்தனை நேரமும் கை அசையாமல் இருக்கவேண்டும், எதிரே இருப்பவரும் அசையக்கூடாது. காவடி ஊர்வலத்தில் அது நடக்காது.

இன்னொரு பயன்முறை 80 x 96 பிக்சலில் மட்டும் படமெடுக்கும். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் வைப்பதற்காக அது. அழைப்பு வரும்போது அந்த முகம் திரையில் தோன்றும். 7,680 புள்ளிகளில் ஒரு முகத்தை அடையாளம் காட்டிவிட முடியும் என்று கணித்து, அதற்கு மேல் ஒரு பைட்டையும் வீணாக்காமல் செய்தவர்களின் சிக்கனம் இன்றைய மென்பொருளாளர்களுக்கும் பாடம்.

திரை காட்டாத பாதி

படத்தில் 307,200 புள்ளிகள். திரையில் மொத்தமே 36,608. அகலத்தில் 4:3 படத்தை அடக்கினால் 176 x 132 தான் மிஞ்சும். அதாவது எடுத்த படத்தின் 13 புள்ளிகளில் ஒன்றுதான் கண்ணுக்கு வந்தது.

நிறக்கணக்கும் அப்படியே. 4,096 நிறங்கள் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 படிகள் மட்டுமே. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அந்திவானத்தை எடுத்தால், மெல்ல மாறும் நிறம் திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் கோப்பில் பதிவானது அப்படியல்ல. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உண்டு. அந்நாளில் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு "படம் சரியில்லை" என்று அழித்தவர்கள், திரையின் குறையைக் கேமராவின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இன்று அந்தப் படங்களைக் கணினியில் திறப்பவர்கள் வியப்படைவது இதனால்தான்.

காகிதத்தில் அச்சிட்டால்? அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான தரத்தில் 640 x 480 படம் 5.4 x 4.1 சென்டிமீட்டர்தான் வரும். படக்கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த 4ஆர் அளவுக்கு, அதாவது 6 x 4 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 107 புள்ளிகள் கிடைக்கும். கையில் வைத்துப் பார்த்தால் விளிம்புகள் மங்கலாகத் தெரியும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அது போதும்.

900 கிலோபைட்டை 50-க்குள் அடக்கியது

இனிதான் முக்கியமான பகுதி. ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிட்டால், சுருக்காத ஒரு படத்துக்கு 921,600 பைட் வேண்டும். அது சரியாக 900 கிலோபைட். 4 மெகாபைட் நினைவகத்தில் அப்படி நான்கு படங்கள் வைத்தால் இடம் முடிந்துவிடும். அந்த நினைவகத்திலேயேதான் பெயர்ப் பட்டியல், குறுஞ்செய்திகள், நாட்காட்டி, பிறகு ஏற்றிக்கொண்ட விளையாட்டுகள் எல்லாமே இருக்கவேண்டும்.

ஆகவே ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கினார்கள். 8 x 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் படத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களை விட்டுவிடும் முறை இது. சுருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கோப்பு சிறுக்கும், கட்டங்களின் எல்லைகளும் தெரியத் தொடங்கும். முகத்தைச் சுற்றிச் சிறு கொசுக்கூட்டம் மொய்ப்பதுபோல் வரும் கறைகள் இதன் விளைவு. விஜிஏ படம் ஒன்றைச் சில பத்து கிலோபைட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், நான்கு படங்களின் இடத்தில் பல பத்துப் படங்கள் அடங்கும்.

இப்போது பிக்சல் கேள்விக்குத் திரும்பலாம். நோக்கியா 2002-ல் இரண்டு மெகாபிக்சல் உணரியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 4 மெகாபைட்டில் ஒருசில படங்களே அடங்கியிருக்கும். 104 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒவ்வொரு படத்தையும் சுருக்கி முடிக்க நெடுநேரம் திணறியிருக்கும். பேட்டரி அதற்கே கரைந்திருக்கும். கடைசியில் அந்தப் படத்தை அனுப்ப வழியும் இருந்திருக்காது.

அனுப்பும் குழாய்

ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வோர் அலைவரிசையும் எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு குரல் அழைப்புக்கு ஒரு துண்டு. அழைப்புகளுக்குப் போக மிஞ்சும் துண்டுகளில் தரவை அனுப்புவதுதான் ஜிபிஆர்எஸ். பரவலாக இருந்த குறியீட்டு முறையில் ஒரு துண்டுக்கு விநாடிக்கு 13.4 கிலோபிட்.

1. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 50 கிலோபைட் படம் என்பது ஏறத்தாழ 400 கிலோபிட்.

2. ஒரு துண்டில் அனுப்பினால் 30 விநாடி; இரண்டு துண்டுகள் கிடைத்தால் 15 விநாடி. இது எல்லாம் சரியாக அமைந்தால் மட்டும்.

3. அழைப்புகள் குவியும் நேரத்தில் தரவுக்கு மிஞ்சும் துண்டுகள் குறையும். பண்டிகை இரவுகளில் படம் அனுப்புவது இழுபறியானது இதனால்தான்.

4. சுருக்காத 900 கிலோபைட் படத்தை ஒரு துண்டில் அனுப்ப ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இதற்கு மேல் எம்எம்எஸ்ஸின் சொந்த விதிகள் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் கைப்பேசிகள் ஒன்றின் செய்தியை இன்னொன்று திறக்கவேண்டும் என்பதற்காகத் தொழில்துறை கூடி வகுத்த தொடக்க எல்லை, செய்தி ஒன்றுக்கு 30 கிலோபைட்டும் 160 x 120 பிக்சலும்தான். 100 கிலோபைட்டும் 640 x 480-உம் அதற்கடுத்த படிநிலை. ஆகவே முழு விஜிஏ படம் எடுத்தவர்கள்கூட, பல நேரம் அதைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பெறுபவரிடமும் எம்எம்எஸ் வசதி இருக்கவேண்டும். 2002-ல் பெரும்பாலோர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளைத் திரைக் கைப்பேசிகள். அத்தகையவர்களுக்குப் படத்துக்குப் பதிலாக ஓர் இணைய முகவரியைத் தாங்கிய குறுஞ்செய்தி போகும். கணினியில் அந்த முகவரியைத் திறந்து பார்க்கவேண்டும். இரண்டு பேரிடமும் புதிய கைப்பேசி இருந்தால்தான் கேமராவுக்கே பொருள் என்ற நிலை. புளூடூத் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே காசு செலவில்லாமல், சுருக்காமல் படம் கைமாறியது.

முகாம் வாசலில் வந்த சிக்கல்

சிங்கப்பூருக்கே உரிய ஒரு விளைவையும் சொல்லவேண்டும். கேமரா கைப்பேசி பரவியதும், ராணுவ முகாம்களின் பாதுகாப்பு விதி அதன்மேல் வந்து விழுந்தது. கேமரா உள்ள கைப்பேசியை முகாமுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றது அந்த விதி. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இளையர்கள் தேசிய சேவைக்குப் போகும் நாட்டில், இது சிறிய விதி அல்ல. பலர் இரண்டு கைப்பேசி வைத்துக்கொண்டார்கள். கேமரா இல்லாத மாதிரிகளுக்கு இங்கே தனிச் சந்தையே உருவானது; கேமராவைக் கழற்றிய திறன்பேசிகள்கூட விற்பனைக்கு வந்தன. பின்னாளில் முகாம்களின் சில பகுதிகளில் விதி தளர்ந்தது. இன்று இணையச் சந்தையில் கிடைக்கும் பழைய கைப்பேசிகளில் சிலவற்றின் பின்பக்கம் லென்ஸ் இருக்கவேண்டிய இடம் மூடியிருந்தால், அது போலிப் பொருள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிக்னல் ஏன் வரவில்லை?

கைப்பேசியில் பழுது இல்லை. 7650-க்குத் தெரிந்தது இரண்டாம் தலைமுறை ஜிஎஸ்எம் மட்டுமே. சிங்கப்பூரில் மூன்று நிறுவனங்களும் 2ஜி சேவையை 2017 ஏப்ரல் 1 முதல் நிறுத்தின. அலைவரிசை என்பது எல்லைக்குட்பட்ட வளம். குறைந்துவரும் 2ஜி பயனீட்டாளர்களுக்காக அதை ஒதுக்கி வைத்திருப்பதைவிட, அதே அலைவரிசையில் பல மடங்கு தரவு கொடுக்கும் புதிய தலைமுறைக்குத் திருப்புவதே காரணம். எந்தச் சிம் அட்டையைப் போட்டாலும், எந்தக் கடையில் கொடுத்துப் பழுதுபார்த்தாலும் இங்கே அது இணையாது. அவசர அழைப்புக்கும் உதவாது என்பதால், வயதான பெற்றோர் கையில் இத்தகைய கைப்பேசி இருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

ஜொகூருக்குப் போனபோது சிக்னல் வந்தது என்று சிலர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். மலேசியா வேறு வரிசையில் போனது: 2021 இறுதியில் 3ஜி சேவையை மூடிவிட்டு, 2ஜியை விட்டுவைத்தது.

சிங்கப்பூரில் 2024-ல் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது. இதனால் 2ஜி, 3ஜி கைப்பேசிகளோடு, தொடக்க கால 4ஜி கைப்பேசிகள் சிலவற்றுக்கும் சிக்கல். அவை தரவுக்கு 4ஜியையும் பேசுவதற்குப் பழைய தலைமுறையையும் நம்பியிருந்தவை. 4ஜி வழியாகவே குரல் போகும் வோல்ட்டி வசதி இல்லாவிட்டால் அவற்றில் இணையம் வரும், அழைப்பு போகாது.

உள்ளே இருக்கும் படங்கள்

சேவை போனாலும் படங்கள் போகவில்லை. அவை சிம் அட்டையில் இல்லை, கைப்பேசியின் நிலைநினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரி செத்துப் பல ஆண்டுகள் ஆனாலும் பொதுவாக அழியாமல் இருக்கும்.

1. முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே கூடாது. 7650-க்குரியது பிஎல்பி-2 வகை. நோக்கியா 8310-உம் அதையே பயன்படுத்தியதால் தேடுவது எளிது.

2. கைப்பேசி உயிர்பெற்றதும் தேதி கேட்கும். ஏதாவது ஒன்றைக் கொடுத்து மேலே போகலாம். மீட்டமைக்கச் சொல்லும் எந்தத் தேர்வையும் தொடாதீர்கள். அது படங்களையும் சேர்த்துத் துடைத்துவிடலாம்.

3. புளூடூத்தை இயக்கி, படத்தைத் திறந்து, தேர்வுகளில் அனுப்பு என்பதை அழுத்தி, புளூடூத் வழியாக என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெறும் கருவி ஆண்ட்ராய்டு கைப்பேசியாகவோ விண்டோஸ் கணினியாகவோ இருக்கட்டும். விண்டோஸில் கோப்பைப் பெறும் தேர்வை முன்கூட்டியே திறந்து வைத்திருக்கவேண்டும். ஐபோன் இப்படி புளூடூத்தில் வரும் கோப்புகளை ஏற்காது. பலரும் மணிக்கணக்கில் முயன்று தோற்பது இந்த இடத்தில்தான்.

4. அகச்சிவப்பு வாயில் உள்ள பழைய மடிக்கணினி கிடைத்தால் அதுவும் ஒரு வழி. இரண்டையும் நேருக்கு நேர் வைக்கவேண்டும்.

5. வெளியே எடுத்த மூலக்கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். ஏற்கெனவே சில பத்து கிலோபைட்டில் இருக்கும் படத்துக்கு அந்த இரண்டாம் சுருக்கம் தாங்காது. ஆவணமாக அனுப்பினால் பைட் மாறாமல் போய்ச் சேரும்.

படங்களை எடுத்த பிறகு கைப்பேசியை விற்பதாக இருந்தால், பெயர்ப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். மீட்டமைக்கும் தேர்வுக்கு அப்போதுதான் வேலை.